மழையில் ஓடும் வண்டி

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது இன்னும் மிகுதி. காலையில் வெயில் சுட்டெரிக்கும். மாலையில் இடியுடன் மழை கொட்டும். மழை நின்றபின் திடலெங்கும் நீர் தேங்கிக் கிடக்கும். பந்து விளையாடுபவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு ஆடலாம். தொலைக்கட்டுப்பாட்டுக் கனவுந்து ஓட்டுபவர்கள் என்ன செய்வது? அந்தச் சிறு வண்டிக்குள் இருப்பவை மின்னணுக் கருவிகள். மின்சாரத்திற்கும் நீருக்கும் ஒத்துப்போவதில்லை.

கிள்ளானைச் சேர்ந்த படிவம் மூன்று மாணவன் ஒருவன், தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தையும் ஓராண்டுச் சேமிப்பையும் ஒன்றாக்கி இத்தகைய வண்டி ஒன்றை வாங்க விரும்பினான். கொமுட்டர் இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் தன் தாய்மாமனைக் காணச் சென்றான். அவர் மின்கருவிகளைப் பழுதுபார்ப்பவர். இருவரும் கடைக்குச் சென்றனர். அவனுடைய பணத்திற்குள் அடங்கும் வண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, வேகமானது. மற்றொன்று சிறியது, மெதுவாகச் செல்வது.

“மாமா, பெரிய வண்டியின் பெட்டியில் ‘வாட்டர்புரூப்’ என்று போட்டிருக்கிறதே! இதையே வாங்கலாமா?”

“எழுத்தை மட்டும் நம்பாதே மருமகனே. பக்கத்தில் எண் ஏதும் இருக்கிறதா, பார்.”

மாமா கேட்டது ‘ஐபி’ எனப்படும் தரக்குறியீட்டை. அனைத்துலகத் தரநிலையான இதில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசியிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும். இரண்டாவது நீரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும். இரண்டாம் இலக்கம் 4 என்றால், எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் நீரைக் கருவி தாங்கும். 5 என்றால், குழாயிலிருந்து பாயும் நீரைத் தாங்கும். 7 என்றால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதாகாது. தேங்கிய மழைநீரில் ஓடும் வண்டிக்கும் குளத்தில் விழக்கூடிய வண்டிக்கும் தேவைப்படும் பாதுகாப்பு ஒன்றல்ல.

வண்டிக்குள் முக்கியமான பாகங்கள் ஐந்து: அலைவாங்கி, வேகக்கட்டுப்படுத்தி, சக்கரங்களைத் திருப்பும் செர்வோ, மோட்டார், மின்கலம். இவற்றுள் ஒன்றில் நீர் புகுந்தாலும் வண்டி பழுதாகக்கூடும். அலைவாங்கியை இரப்பர் விளிம்புள்ள பெட்டிக்குள் வைத்து மூடலாம். வேகக்கட்டுப்படுத்தியை அப்படி மூட இயலாது; அது இயங்கும்போது சூடாகும். ஆகவே, அதன் மின்சுற்றைப் பிசினால் மூடி, வெப்பம் வெளியேற அலுமினியத் தகடு பொருத்தியிருக்க வேண்டும். கரித்துண்டுகள் உரசி இயங்கும் மோட்டார் நீரிலும் ஓடும். ஆனால், அத்துண்டுகள் விரைவில் தேய்ந்துவிடும். கரித்துண்டு இல்லாத மோட்டாருக்கு அக்குறை இல்லை. எனினும், உருளைத் தாங்கிகள் துருப்பிடிக்கக்கூடும். ஓட்டி முடித்ததும் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டியது மின்கலம். லித்தியம் மின்கலம் பழுதானால் தீப்பற்றக்கூடும். நனைந்த மின்கலத்தை உடனே மின்னேற்றக்கூடாது. உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. இந்தக் குறியீட்டுக்கான சோதனைகள் நன்னீரில் நடத்தப்படுபவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மோரிப் கடற்கரையில் வண்டியை ஓட்டுபவருக்கு அந்த எண் உறுதி தராது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலோகத்தையும் விரைவில் அரிக்கும்.

பெரிய வண்டியின் பெட்டியில் எண் எதுவும் இல்லை. சிறிய வண்டியின் கையேட்டிலோ ஒவ்வொரு பாகத்திற்கும் உரிய குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. மாணவன் இரண்டையும் நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தான். ஓராண்டுச் சேமிப்பு ஒரு மழையில் வீணாகிவிடக்கூடாது என்று எண்ணிச் சிறியதைத் தேர்ந்தெடுத்தான். மீதிப் பணத்தில் மாற்று உருளைத் தாங்கிகளும் எண்ணெயும் வாங்கினான்.

“இன்னொன்று,” என்றார் மாமா. “வெள்ளம் வந்தால் இதை வெளியே எடுக்காதே. பெரிய வடிகாலில் விழுந்தால் விட்டுவிடு. வண்டியை வேறு வாங்கிக்கொள்ளலாம்.”

2021 டிசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் கண்ட பெருவெள்ளத்தை நினைத்தால், அந்த அறிவுரையின் அருமை புரியும். வெள்ளநீரின் இழுவை கண்ணுக்குத் தெரியாது. அதில் எலிக்காய்ச்சலைப் பரப்பும் கிருமிகளும் இருக்கலாம். வண்டியைக் காக்க உறை உண்டு. ஓட்டுபவரைக் காக்க அவருடைய விழிப்புணர்வுதான் உண்டு.

கைப்பேசி, கைக்கடிகாரம், ஒலிபெருக்கி எனப் பல பொருள்களிலும் இன்று இதே குறியீட்டைக் காணலாம். ஒரு பொருள் எதைத் தாங்கும், எவ்வளவு நேரம் தாங்கும், எதைத் தாங்காது என்று கேட்டறிந்து வாங்குபவரே அறிவுள்ள பயனீட்டாளர்.