வயதுக்கு ஒரு விலை

ஆயுள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் 32 வருஷம் வேலை பார்த்தேன். புரொபோசல் ஃபாரங்களைப் படித்து, யாருக்கு என்ன பிரீமியம் என்று பார்க்கிற மேசை. "சாவுக்கு விலை போடுற உத்தியோகம்" என்பார் என் சித்தப்பா.

அந்த விலை வந்த கதை எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்து அரசாங்கம் ஒரு காலத்தில் இளைஞருக்கும் கிழவருக்கும் ஒரே விலையில் ஆயுள் பென்ஷன் விற்றது. வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி 1693இல், பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு ஓர் அட்டவணை போட்டார். 1 வயதில் 1000 பேர் என்றால் 20 வயதில் 598, 60இல் 242, 70இல் 142. (எனக்கு இப்போது 72. தட்டச்சும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.)

அதன்பிறகும் லண்டன் அமிக்கபிள் சங்கத்தில் எல்லா வயதுக்கும் ஒரே சந்தாதான். 45ஐத் தாண்டியவர்களுக்கு இடமே இல்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டாட்சன், கணக்கு வாத்தியார். வயதுக்குத் தக்கபடி வாங்கினால் யாரையும் சேர்க்கலாமே என்று கணக்குப் போட்டார். 1757இல் அவர் இறந்துவிட்டார். அவர் வழியில் ஈக்விட்டபிள் சொசைட்டி 1762இல் தொடங்கியது.

சர்க்கரை வியாதி உள்ள தறிக்காரர் ஒருவரின் ஃபாரம் என் மேசைக்கு வந்தது. கூடுதல் பிரீமியம் போட்டுப் பாலிசி கொடுத்தோம். ஏழு வருஷம் கழித்து அவர் சம்சாரம் கிளெய்முக்கு வந்தார்.

"கூடக் கட்டச் சொன்னப்போ ரொம்ப முணுமுணுத்தாருங்க" என்றார், ரேகை வைத்துக்கொண்டே.