எடுக்கிறவனுக்கு மட்டும்தானா?

"எடுக்கிறவனுக்குத்தானே கேடு, மற்றவைக்கென்ன?" குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளத்துக்கு நிக்கேக்க, ஹெரோயின் பற்றி ஒரு பெடியன் சொன்னது.

நோவைத் தணிக்கிற சரக்கு எங்கட மூளையிலேயே இருக்கு: என்கெஃபலின். 1975இல் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தார்கள். ஆனால் அதின்ர வேலை நோவோட முடியேல்லை. வளரும் மூளையில் நரம்புக் கலங்கள் மட்டுமல்ல, அவற்றைத் தாங்கும் நட்சத்திர வடிவக் கலங்களிலும் அதற்கான மரபணு வேலை செய்கிறது. கலங்கள் பெருகும் வேகத்தை என்கெஃபலின் குறைக்கும், ஒருவகை பிரேக்.

கர்ப்பிணி எடுக்கும் ஹெரோயின் மோர்ஃபினாக மாறி, நஞ்சுக்கொடியைத் தாண்டி, என்கெஃபலின் பிடிக்கிற ஏற்பிகளையே பிடிக்கிறது. வயித்தில இருக்கிற பிள்ளை எதையும் எடுக்கேல்லை, தம்பி. ஆனா அதின்ர பிரேக்கில வேற ஆள் கால் வைக்குது.