வெறுங்கை

நமக்குச் சண்டை என்றால் சிறு வயதிலிருந்தே பயம். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து வருகிறோம்; பானிப்பட்டில் நடந்த மூன்று யுத்தங்களையும் மூச்சு விடாமல் சொல்லுவோம். ஆனால் தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக் கொண்டால் அடுத்த சந்து வழியாகப் போய்விடுவதே நமது வழக்கம். அப்படிப்பட்ட நாம் கராத்தே வித்தையைப் பற்றி எழுதப் புகுந்தது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். கல்வராயன் மலையிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்தான் அதற்குக் காரணம்.

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினால், கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணைக்கு அப்பால் பாதை மேலே ஏறத் தொடங்கும். சாமையும் மரவள்ளியும் விளையும் மலை அது. காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்றுப் பிழைப்போரும் உண்டு. தேசம் 1947-ம் வருஷம் சுதந்திரம் அடைந்தது. அந்த மலையோ 1976-ம் வருஷம் வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையிலேயே இருந்தது. 2019-ம் வருஷம் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. ஆயினும் வெளியூரார் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டது 2024 ஜூன் மாதத்தில், விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான். வேறு ஒரு நல்ல காரணத்துக்காக இந்தப் பெயரைப் பத்திரிகையில் பார்க்க வேண்டும் என்பது நமது நெடுநாள் ஆசை.

அந்தப் பெண்ணின் பாட்டி ஜாகீர் காலத்தில் பிறந்தவள்; பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. பேத்தி விடுதியில் தங்கி நம்மிடம் படித்தாள். அரசாங்கப் பள்ளிகளில் பெண் குழந்தைகளுக்கு மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்று உண்டல்லவா? அதன்படி அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கராத்தே மாஸ்டர் ஒருவர் வந்தார். மூன்று மாதம் முடிந்தது. மற்றப் பெண்கள் கற்றதை மறந்துவிட்டார்கள். இவள் மட்டும் விடியற்காலையில் விடுதியின் பின்புறத்தில் நின்று காற்றைக் குத்திக் கொண்டிருந்தாள். அதைக் கண்ட மாஸ்டர் காசு வாங்காமலே தொடர்ந்து கற்றுக் கொடுத்தார். ஜில்லாப் பந்தயத்தில் அவள் முதலாவதாக வந்தாள்.

மாகாணப் பந்தயத்துக்குத் துணையாகப் போகும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. எட்டு மீட்டர் சதுரத்தில் விரிப்பு. ஒருத்திக்குச் சிவப்புக் கச்சை, மற்றவளுக்கு நீலக் கச்சை. கையால் குத்தினால் ஒரு புள்ளி, உடம்பில் உதைத்தால் இரண்டு, தலை மட்டத்துக்குக் கால் எழும்பினால் மூன்று. நம் பெண் மின்னலைப் போல் பாய்ந்து ஒரு குத்து விட்டாள். எதிராளியின் உதட்டில் ரத்தம் கசிந்தது. நாம் எழுந்து நின்று கை தட்டினோம். நடுவரோ நம் பெண்ணுக்குத் தண்டனை விதித்தார்! அளவுக்கு மீறி அடித்தது குற்றமாம். அதனாலேயே ஆட்டம் போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் வெகுநேரம் பேசாமல் வந்தவள், “அடிக்காவிட்டால் புள்ளி இல்லை, அடித்தால் தோல்வி. இது என்ன விளையாட்டு, சார்?” என்று கேட்டாள்.

உபாத்தியாயருக்குப் பதில் தெரியாவிட்டால் படிக்க வேண்டியதுதானே? படித்தோம். கராத்தே என்றால் வெறுங்கை என்று பொருளாம். ஒகினாவாத் தீவிலிருந்து 1922-ம் வருஷம் டோக்கியோவுக்கு வந்து இவ்வித்தையைப் பரப்பிய புனாகோஷி கிச்சின், நம்மைப் போலவே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்! 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தைப் பற்றியும் அறிந்தோம். ஸவுதி வீரர் தாரெக் ஹமேதி முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதையில் ஈரான் வீரர் ஸஜாத் கஞ்ஜாதே மூர்ச்சையாகி விழுந்தார். தங்கப் பதக்கம் விழுந்தவருக்குக் கிடைத்தது, வீழ்த்தியவருக்கு வெள்ளிதான். வேகமாகப் போகும் கை உரிய இடத்தில் நிற்க வேண்டும். நிறுத்தத் தெரிந்த கைதான் தேர்ந்த கை. இதைச் சொன்னதும் அவள் புரிந்துகொண்டாள். மறு வருஷம் மாகாணத்தில் இரண்டாம் பரிசு பெற்றாள்.

இனி நமது குற்றத்தைச் சொல்ல வேண்டும். அவள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த சமயம், தாய் தகப்பனார் கேரளத்துத் தோட்ட வேலைக்குப் புறப்பட்டார்கள். தம்பியையும் நோயாளிப் பாட்டியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். “வாரத்துக்கு நாலு நாள் பள்ளிக்கூடம் வந்தால் போதுமே, சார். இந்தக் குத்துச்சண்டையெல்லாம் எதற்கு?” என்று தாயார் கேட்டாள். அந்த இடத்தில் நாம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். “அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், அம்மா. பரீட்சையும் வருகிறது” என்று சொல்லிவிட்டோம். அவள் ஒரு தடவை நம்மை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று வருஷம் கழித்துக் கடைத்தெருவில் அவளைச் சந்தித்தோம். கல்லூரியில் படிப்பதாகச் சொன்னாள். “கராத்தே?” என்றோம். “எனக்கு இருபது ஆகிறது, சார். இனிமேல் எங்கே?” என்றாள்.

அப்போது ஸ்பெயின் தேசத்து ஸாண்ட்ரா ஸாஞ்செஸின் கதையைச் சொன்னோம். 1981-ம் வருஷம் பிறந்தவர். இளமையில் தாயார் புற்றுநோயுற்றபோது, தேசியப் பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் தாயாரின் அருகிலேயே இருந்துவிட்டார். 2015-ம் வருஷம் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 33. 2018-ம் வருஷம் உலக சாம்பியன். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி, டோக்கியோவில், ஜப்பானிய வீராங்கனை கியோ ஷிமிஸுவை 28.06-க்கு 27.88 என்ற கணக்கில் வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றபோது வயது 39!

அவள் முழுவதும் கேட்டாள். “அவர்கள் செய்தது கட்டா, சார், எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டுவது. நான் செய்வது குமிட்டே, நேருக்கு நேர் சண்டை” என்று முதலில் நம்மைத் திருத்தினாள். பிறகு மெதுவாக, “அந்த அம்மாளுக்குப் பஸ் சார்ஜ் யார் கொடுத்தார்கள்?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் நாம் பதில் தேடவில்லை. மலையிலிருந்து இறங்கி வர ஒரு கட்டணம், பந்தயத்தில் சேர ஒரு கட்டணம், வெளியூரில் தங்க ஒரு கட்டணம். எட்டு மீட்டர் விரிப்பில் ஏறுவதற்கு முன்பே நம் பெண்கள் தோற்றுப் போவது இந்தக் கணக்கில்தான். எதிராளியின் முகத்துக்கு முன் நிற்க வேண்டிய கையை அவள் நிறுத்தக் கற்றுக் கொண்டாள். கொடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது நமது கை.

மாஸ்டரும் நாமும் நண்பர்கள் சிலருமாக மாதந்தோறும் ஒரு சிறு தொகை சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம். தங்கப் பதக்கம் வருமா என்று சில நண்பர்கள் விசாரிக்கிறார்கள். ஒலிம்பிக்கில் கராத்தே இடம் பெற்றது டோக்கியோவில் மட்டுமே. 2024-ல் இல்லை, 2028 பட்டியலிலும் இல்லை. ஆசிய விளையாட்டுகளில் 1994 முதல் உண்டு. அதுவும் வெகு தூரம். நாம் பதக்கத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கவில்லை.

அவள் மறுபடியும் விடியற்காலையில் பயிற்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு சிறுமிகளுக்கும் சொல்லித் தருகிறாள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறாளாம். அடுத்த மாதம் பந்தயம். “நீங்களும் வர வேண்டும், சார், ஆனால் ரத்தம் வந்தால் கை தட்டக் கூடாது” என்று உத்தரவாகியிருக்கிறது. ஒப்புக் கொண்டிருக்கிறோம்.