வலது பக்கத்துப் பச்சை லைட்டு

மக்களே, ஆணி ஜாஸ்தி, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு மொக்கை கிடையாது. ஒரு சின்ன ரேடியோப் பொட்டி எனக்குப் பாடம் எடுத்த கதை. ரேடியோன்னதும் பழைய பாட்டு ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை :-)

இது பாட்டுப் பாடாத ரேடியோ. டேட்டா ரேடியோ. கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஆத்தோரம் பம்ப் ஹவுஸ். எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரட்டு மேல குடிதண்ணித் தொட்டி. "தொட்டியில எத்தனை மீட்டர் தண்ணி இருக்கு?"ன்னு பத்து செகண்டுக்கு ஒரு தடவை இங்க இருக்கிற ரேடியோ கேக்கும், அங்க இருக்கிற ரேடியோ பதில் சொல்லும். அந்த பதிலை கம்ப்யூட்டர்ல காட்டுற சாப்ட்வேர் அடியேன் எழுதினது.

865-ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 2005-லயே நம்ம நாட்டுல லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க (2021-ல அதை 868 வரைக்கும் நீட்டினாங்க). அந்த அலைவரிசையில ஒரு வாட் பவர்ல ஓடுற பொட்டி இது. முன்பக்கத்துல ரெண்டு வரி டிஸ்ப்ளே, நாலு பட்டன், நாலு லைட்டு. லேப்டாப்பே வேண்டாம், பட்டனை அமுக்கியே எல்லாம் செட் பண்ணலாம்: அலைவரிசை, முகவரி, பாட் ரேட், பவர். ஒரே ஒரு விதி. அலைவரிசையை மாத்தணும்னா முதல்ல தூரத்துல இருக்கிறதை மாத்தணும், அப்புறம்தான் பக்கத்துல இருக்கிறது. தலைகீழாப் பண்ணினா ரெண்டும் பேச்சுவார்த்தை முறிஞ்சு, நீங்க கரடு ஏறணும். நான் ஒரு தடவை ஏறியிருக்கேன்.

அடுத்தது சிக்னல் அளவு. டிபிஎம் கணக்குல, மைனஸ்ல வரும். கடன் மாதிரின்னு வச்சுக்கோங்க. மைனஸ் 78 சமாளிச்சுடலாம், மைனஸ் 107 திவால். பத்து டிபி குறைஞ்சா பவர் பத்துல ஒண்ணாயிடும். பொட்டியை மாட்டின அன்னிக்கு வந்த மைனஸ் 78-ஐ மார்க்கர் பேனாவால பேனல் கதவு உள்பக்கம் எழுதி வச்சுட்டு வந்தேன். அந்த ஒரு நல்ல காரியமாவது பண்ணினேன்.

2023 மே மாசம், நல்ல கோடை மழை. ராத்திரி பத்து மணிக்கு ஆபரேட்டர் அண்ணா கிட்ட இருந்து போன். அம்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு.

"ஏனுங்க தம்பி, தூங்கிட்டீங்களா? ரேடியோவுல வலது பக்கத்துப் பச்சை லைட்டு சிமிட்ட மாட்டேங்குதுங்க."

"ஸ்கிரீன்ல வேல்யூ வருதுல்ல அண்ணா?"

"3.1 மீட்டர்னு காட்டுதுங்க."

"அப்புறம் என்ன, ஓகேதான். லைட்டையெல்லாம் பாக்காதீங்க, ஸ்கிரீனைப் பாருங்க."

வச்சுட்டு தூங்கிட்டேன். அவரும் 3.1 இருக்கேன்னு பம்ப்பைப் போடல. காலைல ஆறு மணிக்கு ஸ்கிரீன்ல 3.1 ஒரே தாவா 0.2 ஆச்சு. அதுக்குள்ள கடைக்கோடித் தெருவுல குழாய்ல காத்துதான் வந்துச்சு. பொம்பளைங்க காலிக் குடத்தோட ஆபீஸ் வாசல்ல. பத்து மணிக்கு அண்ணா கையில மெமோ: டூட்டில தூங்கினதுக்கு விளக்கம் கொடு.

மறுநாள் என்னை அனுப்பினாங்க. "ரேடியோ ஃபால்ட், ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டு வா"ன்னு மேனேஜர் பஸ் ஏத்தி விட்டார்.

பம்ப் ஹவுஸ் போய் பட்டனை அமுக்கினேன். கடைசியா வந்த பதிலோட சிக்னல் மைனஸ் 107. கதவுல என் கையெழுத்துல மைனஸ் 78. இருபத்தொம்போது டிபி காணோம், அதாவது எண்ணூறுல ஒரு பங்குதான் வந்து சேருது. அடுத்த மெனுவுல நல்ல பாக்கெட் ஒண்ணு ஏறுறதுக்குள்ள கெட்டது பத்து ஏறுது. கரட்டு மேல போய் அந்தப் பொட்டியோட பவரைப் பாத்தேன். வெளிய போறது ஒரு வாட், ஆன்டெனா பக்கம் இருந்து திரும்பி வர்றது கால் வாட்டுக்கு மேல. கிட்டத்தட்ட ஒண்ணுமே திரும்பக் கூடாது. கனெக்டர்ல சுத்தின டேப் வெயில்ல வெடிச்சு, மழைத்தண்ணி கேபிளுக்குள்ள இறங்கியிருந்துச்சு. கேபிளை மாத்தி, டேப்பை ஒழுங்கா சுத்தினதும் மைனஸ் 79.

ரேடியோ ஃபால்ட் சரியாயிடுச்சு. ஆனா ஒரு கேள்வி மிச்சம். பதிலே வராத ராத்திரியில ஸ்கிரீன்ல 3.1 எப்படி வந்துச்சு?

அது நான் எழுதின வரி மக்களே. பதில் வரலைன்னா பழைய வேல்யூவையே வச்சுக்கோன்னு எழுதியிருந்தேன். டெமோ அன்னிக்கு ரெண்டு தடவை பதில் தவறி ஸ்கிரீன்ல பூஜ்யம் காட்டி, எல்லாரும் பதறினாங்க. மானம் போகுதேன்னு அவசரத்துல போட்டது. அப்புறம் மறந்தே போச்சு. கிராஃபை எடுத்துப் பாத்தா ராத்திரி 9:40-ல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஸ்கேல் வச்சுப் போட்ட கோடு. ஊரே தண்ணி புடிக்கிற தொட்டியில எட்டு மணி நேரம் ஒரு சென்டிமீட்டர் கூட அசையாம தண்ணி நிக்குமா? அதைக் கேக்கக்கூட என் சாப்ட்வேருக்குத் தெரியல. ரேடியோ தன் பங்குக்கு ராத்திரி பூரா உண்மையைத்தான் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைப் படிச்ச ஒரே ஆள் கிட்ட லைட்டைப் பாக்காதீங்கன்னு சொன்னவன் நான்.

சாயங்காலம் அண்ணா டீ வாங்கிக் கொடுத்தார். மெமோவுக்கு எழுதின பதிலைக் காட்டினார். ஸ்கிரீன்ல 3.1 இருந்துச்சுன்னு மட்டும் இருக்கு. பத்து மணி போன் அதுல இல்ல.

"ஏன் அண்ணா எழுதல?"

"உங்களை எதுக்குங்க தம்பி இழுக்கறது. வேலைக்கு வந்து நாலஞ்சு வருசம்தான ஆச்சு."

டீ தொண்டையில நின்னுடுச்சு.

ராத்திரி லாட்ஜ்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதினேன். கேபிள், கனெக்டர், என்னோட அந்த வரி, 9:40 கிராஃப், பத்து மணி போன், நான் சொன்ன பதில், எல்லாத்தையும். மேனேஜருக்கு அனுப்புறப்பவே வாட்டர் ஆபீசுக்கும் காப்பி போட்டுட்டேன். இல்லாட்டி அது எங்க ஆபீஸ் வாசல் தாண்டியிருக்காது. மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. மெமோ மேல நடவடிக்கை வேண்டாம்னு முடிச்சுட்டாங்க.

இப்ப என் ஸ்கிரீன்ல பதில் முப்பது செகண்ட் வரலைன்னா நம்பர் சாம்பல் கலராகும், பக்கத்துல "கடைசியாக வந்தது எத்தனை நிமிடம் முன்" ஓடும். ரெண்டு நிமிஷம் தாண்டினா மணி அடிக்கும். அதோட ஒரு மூலையில பச்சையா ஒரு வட்டம், பதில் வர்றப்ப மட்டும் சிமிட்டும். அது அண்ணாவுக்காக. ஸ்பெசிஃபிகேஷன்ல கிடையாது.

பொட்டி தட்டுற நண்பர்கள் ஒரு காரியம் பண்ணுங்க. பதில் வரலைன்னா உங்க கோடு என்ன சொல்லுதுன்னு இன்னிக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. "தெரியலை"ன்னு சொல்லுதா, இல்ல தைரியமா 3.1-ங்குதா?

டிஸ்கி: ராத்திரி பத்து மணி போனை இப்பல்லாம் எந்திரிச்சு உக்காந்துதான் எடுக்கறேன். தங்கமணி இன்னும் அமையாததால இதுவரைக்கும் பிரச்சினை இல்லை :-)