பகல் சாப்பாட்டை யார் கொடுப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பொமேரியன் குட்டி வைத்திருப்பவர்களும், வாங்க நினைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. முதலாம் பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். தரம் 6 மாணவி ஒருத்தி, ஸ்வெட்டருக்குள் எதையோ சுற்றிப் பிடித்தபடி வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஸ்வீட்டி எந்திரிக்க மாட்டேங்குது."

உள்ளே ஒரு கைப்பிடி வெள்ளை முடி. இரண்டு மாதக் குட்டி. கால்கள் தொய்ந்து கிடந்தன. வாய் குளிர்ந்திருந்தது. உடம்பு விட்டு விட்டு நடுங்கியது.

நான் நாய் வளர்ப்பவள் அல்ல. எங்கள் வீட்டில் பூனை மட்டும்தான். என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்து வகுப்பு சேர் மிருக வைத்தியருக்கு அழைப்பு எடுத்தார். அவர் சொன்னது இதுதான்: "சூடாகச் சுற்றி வையுங்கள். சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து விரலால் முரசில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், புரையேறும். உடனே கொண்டு வாருங்கள்."

பிள்ளையின் கை நடுங்கியது. நானே தடவினேன். கொஞ்ச நேரத்தில் குட்டி கண்ணைத் திறந்து என் விரலை நக்கியது. த்ரீவீலில் டவுனுக்குக் கொண்டுபோனோம்.

வைத்தியர் முதலில் கேட்டது, "கடைசியாக எப்போது சாப்பிட்டது?" முதல் நாள் இரவு ஏழு மணிக்குப் பாலில் ஊறிய பாண் ஒரு துண்டு. அதற்கு முன் காலையில். விற்றவர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் போதும் என்று சொல்லியிருக்கிறார். அம்மா பிரட்டுக்குப் போனால், கொழுந்து நிறுத்துவிட்டு வரப் பின்னேரம் ஆகிவிடும். பிள்ளை பாடசாலையில். குட்டி பூட்டிய காம்பராவில்.

இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது என்றார் வைத்தியர். இந்தச் சின்ன இன நாய்களின் குட்டிகளுக்கு உடம்பில் சேமிப்பு இல்லை. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே மயங்கும், வலிப்பு வரும், சாகவும் கூடும். குளிரும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் அம்மா வந்தார். "சின்ன நாய்தானே, கொஞ்சமா குடுத்தா போதும்னு நெனச்சேன் டீச்சர்." எத்தனை நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு அது! மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் கொடுத்தால் போதும் என்பது சரி. ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் கொடுக்க வேண்டும். அதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்று வைத்தியரிடம் கேட்டதையும் பிறகு வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பொமேரியன் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெயரைக் கொண்டது. முன்னோர்கள் பெரிய, குளிர்தேசத்து நாய்கள். 1888ல் விக்டோரியா மகாராணி இத்தாலியிலிருந்து ஒன்றைக் கொண்டுபோன பிறகுதான் சின்ன வகைக்கு மவுசு கூடியது. இப்போது அசல் பொமேரியன் வளர்ந்தாலும் மூன்று கிலோ அளவுதான். நன்றாகப் பார்த்தால் 12 முதல் 16 வருடம் இருக்கும். அதாவது, தரம் 6 பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும்.

முடி இரண்டு அடுக்கு. அதனால் நுவரெலியா, ஹட்டன் குளிரை வளர்ந்த நாய் தாங்கும். தாங்காதது ஈரம். மழையில் நனைந்தால் அடிமுடி வரை துடைத்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் தோலில் புண் வரும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சீவுங்கள். மொட்டை அடிக்க வேண்டாம், சிலதுக்குத் திரும்ப முடி சரியாக வளராது.

கழுத்தில் பட்டி கட்டி இழுக்க வேண்டாம். மூச்சுக்குழாய் மெல்லியது. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி வாங்குங்கள். கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள், முழங்கால் சில்லு விலகும். பல் சீக்கிரம் கெடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் மிஞ்சிய ரொட்டியையும் வெங்காயச் சம்பலையும் நாய்க்குப் போடுவோம். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். தேத்தண்ணியும் சொக்லட்டும் கூடாது. சமைத்த கோழி எலும்பும் வேண்டாம்.

இரவில் இஸ்தோப்பில் கட்ட வேண்டாம். சிறுத்தை வரும் மலைகள் இவை.

விசர் தடுப்பூசி வருடா வருடம் கட்டாயம். அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. வீட்டுக்குள் வளரும் சின்ன நாய்தானே என்று விடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு விஷயம். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் போனதை ஊரில் சிலர் பார்த்திருக்கிறார்கள். "டீச்சர், நீங்களுமா?" என்று ஒருவர் கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் சொன்னேன்: எங்கள் மத்ஹபின்படி எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து, கழுவினேன். உடுப்பை மாற்றினேன். லுஹர் தொழுதேன். அவ்வளவுதான். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸைச் சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். கழுவும் சட்டத்தைத் தந்த அதே மார்க்கம்தான் அதையும் தந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஸ்வீட்டி இப்போது நன்றாக இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அப்பாயி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் சாப்பாடு கொடுக்கிறார். பிள்ளை பழைய கொப்பியில் நேரம் எழுதி வைத்திருக்கிறாள். கணக்குப் பாடத்தில் இல்லாத ஒழுங்கு அதில் இருக்கிறது!

குட்டி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எல்லோரும் மலைக்கும் பாடசாலைக்கும் போன பிறகு, பகல் சாப்பாட்டை யார் கொடுப்பது? அதற்கு ஒரு ஆளின் பெயர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் பிள்ளையிடம் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்லுங்கள்.