சொட்டு மருந்தும் திறந்த கதவுகளும்

புதியதொன்றை மறுப்பவர்களை அறிவீனர் என்று எளிதில் தீர்த்துவிடுகிறோம். போலியோ சொட்டு மருந்தின் வரலாறோ நமக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது.

என் சின்னம்மா இளம்பிள்ளை வாதத்தினால் ஒரு காலை ஊன்றமுடியாமல் வாழ்ந்தவர். ஆகவே உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் பெற்றோர் பலர் அம்மருந்தை மறுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது என் உள்ளம் கசந்தது. பிள்ளைகள் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு அற்றுப்போவார்கள் என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. ஆனால் வதந்தி மாத்திரமே காரணமல்ல. சுத்தமான தண்ணீரும் இல்லை, காய்ச்சலுக்கு மருத்துவரும் இல்லை. இந்த இரண்டு சொட்டுகள் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வீடு தேடி வருகின்றன என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்வியில் நியாயம் உண்டல்லவா?

அதே தெருக்களில் வாழ்ந்த பெண்கள் வீடுவீடாய்ச் சென்று பொறுமையோடு பேசினார்கள். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளில் மருந்து கொடுக்கும் நாள் அறிவிக்கப்பட்டது. இருவகைக் கிருமிகளை ஒருசேரத் தடுக்கும் புதிய மருந்தும் 2010இல் வந்தது. கதவுகள் திறந்தன. 2009இல் இந்தியாவில் 741 பேரைத் தாக்கிய நோய், 2010இல் 42 பேரையும், 2011இல் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரே ஒரு குழந்தையையும் தாக்கியது. 2014 மார்ச்சில், போலியோ ஒழிந்த நாடென்று இந்தியா சான்று பெற்றது.

நம் சபைகளிலும் தடுப்பூசிக்குத் தயங்கும் பெற்றோர் உண்டு. அவர்களைப் பரிகசியாதிருங்கள். அவர்கள் வீட்டில் அமர்ந்து, முதலாவது அவர்களுடைய பயத்தைக் கேளுங்கள். வாக்குவாதத்தில் நாம் ஜெயித்தும் கதவு அடைக்கப்பட்டால், நஷ்டம் பிள்ளைக்கே.