மூடிமேல் எழுதிய குதிரைத்திறன்

தென்பெண்ணையை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே பார்த்துப் பழகியவர்கள் மணலூர்பேட்டை மக்கள். ஊரின் பெயரிலேயே மணல் இருக்கின்றது. தைத் திங்கள் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அந்த மணலில்தான் கூட்டம் நிறையும். அத்தகைய ஆறு 2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் வேறு உருவெடுத்தது. ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையைத் தேக்கிவைக்க இயலாமல் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில நாள்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் மீட்புப் படகுகள் தெருக்களில் சென்றன. கடலைக் காணாத நம் பிள்ளைகளில் பலர் அப்போதுதான், படகின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டு, தலையில் மூடியும் காலில் புரொப்பெல்லரும் உடைய அந்தச் சிறு எஞ்சினைக் கவனித்தார்கள். அதனை அவுட்போர்டு எஞ்சின் என்பர்.

கடற்கரைப் பங்குகளில் சில ஆண்டுகள் பணியாற்றிய நமக்கு அது பழைய நண்பன். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் இதனை வணிகப் பொருளாக்கினார். 1980களில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் பரவின. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். அந்த எஞ்சின்களில் கணினி இல்லை. ஒரு கார்புரேட்டர், ஒரு ஸ்பார்க் பிளக், கயிற்றைச் சுண்டி இழுக்கும் ஒரு கை, இவ்வளவுதான். வேகம் போதவில்லையென்றால் மெக்கானிக் காதால் கேட்டு, திருப்புளியால் திருகிச் சரிசெய்வார். அந்தக் காதுகளின் நுட்பத்தை இன்றும் வியக்கின்றோம்.

கணினி எவ்வாறு வந்தது என்பது சுவையான கதை. அது வேகத்திற்காக வரவில்லை. பழைய இரு வீச்சு எஞ்சின், தான் குடித்த எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு எரிக்காமலேயே நீரிலும் காற்றிலும் உமிழ்ந்துவிடும். இதனைக் கட்டுப்படுத்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் விதி வகுத்தது. 1998 முதல் படிப்படியாக அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் நான்கு வீச்சு எஞ்சினுக்கும், எரிபொருளை அளந்து பீய்ச்சும் முறைக்கும் மாறின. அளப்பதற்கு ஒரு மூளை வேண்டியதாயிற்று. மூடிக்குள் இருக்கும் அந்தச் சிறு பெட்டி, எஞ்சினின் சுற்று, காற்றின் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றை ஓயாமல் கேட்டறிந்து, இத்தனை சுற்றுக்கு இத்தனை பெட்ரோல், இன்ன நொடியில் பொறி என்று ஓர் அட்டவணையைப் பார்த்துக் கட்டளையிடுகின்றது. அந்த அட்டவணையை அழித்து வேறொன்றை எழுதுவதற்குத்தான் ரீமேப்பிங் என்று பெயர்.

இதனை நமக்கு விளக்கியவர், முன்பு நாம் பணியாற்றிய கடற்கரைப் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். வளைகுடா நாடொன்றில் படகுத் துறையில் மெக்கானிக்காக இருக்கின்றார். விடுமுறையில் வந்தவர், மடிக்கணினியும் ஒரு கம்பியுமாக மணலூர்பேட்டைக்கு நம்மைத் தேடி வந்தார். அவருடைய அண்ணன் ஃபைபர் படகில் 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சினை மாட்டிக் கடலுக்குச் செல்பவர்.

“சாமி, அண்ணன் எஞ்சினுக்கு நான் புரோகிராம் மாத்திப் போடலாம்னு இருக்கேன். அம்மா வேணாங்குது. கம்பெனிக்காரன் சொத்தைத் திருடுற மாதிரி ஆயிடுமோன்னு அண்ணனும் யோசிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வார்த்தையில் முடியவில்லை. பிற்பகல் முழுவதும் பேசினோம்.

அவர் சொன்ன முதற்செய்தியே நம்மைத் திகைக்க வைத்தது. மூடியின்மேல் 40 என்று எழுதியிருக்கும். ஆனால் உள்ளே இருப்பது 60 எழுதிய எஞ்சினின் உடன்பிறப்பாக இருக்கலாம். சுசுகியின் 40, 50, 60 குதிரைத்திறன் வரிசையில் மூன்றுக்கும் 941 கன சென்டிமீட்டர் கொள்ளளவுதான். மெர்க்குரியின் 75, 90, 115 மூன்றும் ஒரே 2.1 லிட்டர் எஞ்சின் உடலில் பிறந்தவை. இத்தகைய குடும்பங்களில் நிரலும் சில உறுப்புகளுமே வேறுபடும். ஆக, வாங்கியவரின் படகிலேயே கட்டிப்போட்ட குதிரைகள் சில இருக்கின்றன. அவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்கும் இளைஞரைக் குறைசொல்ல முடியுமா?

கட்டிப்போட்டவரின் காரணங்கள் யாவை என்று கேட்டோம். அவர் நேர்மையானவர், இரண்டையும் சொன்னார். ஒன்று சந்தைக் காரணம். ஒரே எஞ்சினை மூன்று விலைக்கு விற்கலாம். மற்றொன்று கடலின் காரணம். கார் எஞ்சின் தன் முழு வலிமையை எப்போதாவதுதான் காட்டுகின்றது. முந்தும்போது காட்டும், பிறகு ஓய்வெடுக்கும். படகு எஞ்சினுக்கு ஓய்வில்லை. வெள்ளிமலைக்கு ஏறும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மலைக்கு உச்சியும் இல்லை, இறக்கமும் இல்லை, மாலைவரை ஏற்றந்தான். அந்தச் சுமையில் பிஸ்டனும் வால்வும் பல்லாண்டு தாங்க வேண்டுமென்றே அட்டவணையில் கொஞ்சம் விட்டுவைக்கின்றார்கள். தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றப்படும் நாளுக்காகவும் அந்த மிச்சம் வேண்டும். பொறியை முந்தி எரியவிட்டு ஆற்றலைக் கூட்டும் ரீமேப்புக்குத் தாழ்ந்த பெட்ரோல் கிடைத்தால் சிலிண்டருக்குள் சம்மட்டி அடி விழும்.

மேலும் ஒன்று உண்டு. குளிர்விக்கும் கடல்நீர் தடைப்பட்டோ எண்ணெய் குறைந்தோ சூடு ஏறினால், கணினி தானாகவே வேகத்தைக் குறைத்து, எஞ்சினை ஊர்ந்தாவது கரைசேர்க்கும். நிரலைத் திருத்துபவர் சிலர் இந்தக் காவலையும் தளர்த்திவிடுவதாக அவரே சொன்னார். பந்தயப் படகுக்கு அது வேண்டாத தொல்லையாம். பந்தயத்தில் எஞ்சின் நின்றால் இழுத்துவர வேறு படகு வரும். அண்ணனின் படகுக்கு எது வரும்? தாய் வேண்டாமென்று சொன்னது அட்டவணையைப் படித்து அன்று. ஆனால் அவர் அஞ்சியது இதற்குத்தான் என்று நமக்குத் தோன்றியது.

பிறகு கணக்குக்கு வந்தோம். முழங்கால் நீரில் நடந்து பார்த்தவர்க்கு இது விளங்கும்: மெல்ல நடந்தால் நீர் வழிவிடும், ஓட முயன்றால் பிடித்திழுக்கும். நீரைக் கிழித்துச் செல்லும் சுமைப்படகில் வேகத்தை இருமடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு திறன் வேண்டும். அண்ணனின் 40 முழுமையாக 60 ஆகிவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். வலையும் மீனுமாக நிறைந்த படகின் வேகம் ஏழில் ஒரு பங்கு கூடும். மணிக்கு 20 கிலோமீட்டர் சென்ற படகு 23ஐத் தொடும். கரையிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் வலைவிட்டவர் 36 நிமிடத்தில் வந்தது போய், முப்பத்தொன்றரை நிமிடத்தில் வருவார். மிச்சம் நான்கரை நிமிடம். அதற்கு அந்தப் பயணத்தில் செலவாகும் பெட்ரோல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வெறும் படகாக, நீரின் மேல் சறுக்கி ஓடும்போது ஆதாயம் இதைவிட மிகுதிதான். ஆனால் வெறும் படகோடு திரும்புவதற்கா கடலுக்குச் செல்கின்றோம்?

இளைஞர் உடனே மறுத்தார். “நாலரை நிமிஷம்னு சாதாரணமா சொல்லாதீங்க சாமி. ஏலத்துக்கு மொதல்ல வர்ற மீனுக்குத்தான் வெல.” உண்மைதான். அந்த விலையில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கின்றது. கரையில் வாழ்ந்தவர் எவரும் இதனை எள்ளி ஒதுக்கமாட்டார். எனவே வேகமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேகம் எங்கே ஒழுகிப் போகின்றது என்று முதலில் பார்க்கலாமே என்றோம்.

அண்ணனின் எஞ்சின் முழுவிசையில் நிமிடத்திற்கு எத்தனை சுற்று ஓடுகின்றது என்று கேட்டபோது, படகு நிறைந்திருந்தால் 4,300ஐத் தாண்டாது என்றார். இத்தகைய எஞ்சின்கள் 5,000க்கு மேல் ஓடும்போதுதான் மூடிமேல் எழுதிய திறனைத் தருகின்றன. அப்படியாயின் அவருக்கு 40 குதிரைகளே இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை! புரொப்பெல்லரின் முறுக்கு அளவு அந்தச் சுமைக்குப் பொருந்தவில்லை. ஒரு சுற்றில் அது கடக்க முயலும் தொலைவு அதிகமாக இருந்தால், எஞ்சின் மேல் கியரில் மேடேறும் மிதிவண்டிக்காரரைப் போல் மூச்சு வாங்கும். முறுக்கு குறைந்த புரொப்பெல்லர் மாட்டினால் சுற்று ஏறும், தள்ளுவிசையும் கூடும். அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவதும், எஞ்சினைச் சரியான உயரத்தில் மாட்டுவதும் இதே கணக்கில் சேரும். நிரல் எழுதுவதைப் போன்ற பெருமை இவற்றில் இல்லை. அதனால்தான் வளைகுடாவில் தொழில் கற்றவருக்கு இது முதலில் நினைவுக்கு வரவில்லை போலும்.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குச் சென்றார்கள். அரசுக் கணக்கின்படி 669 படகுகள், ஏறத்தாழ 65,000 பேரை மீட்டன. அவை விரைந்து ஓடியதால் மீட்கவில்லை. மதில்களுக்கும் மின்கம்பங்களுக்கும் இடையே, நீரோட்டத்தை எதிர்த்து, மெல்ல நகர வேண்டியிருந்தது. வேண்டியது தாழ்ந்த வேகத்தில் தள்ளும் விசையும், இடையில் நிற்காத எஞ்சினும். ரீமேப் கூட்டித்தரும் திறனோ பெரும்பாலும் உச்சச் சுற்றில்தான் தலைகாட்டுகின்றது.

இனி அண்ணனின் கேள்வி: திருட்டா? நாம் குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியல் இங்கே சற்று உதவுகின்றது. எஞ்சின் விலை கொடுத்து வாங்கப்பட்டது. அதன் இரும்பும் அலுமினியமும் வாங்கியவருடையவை. தம் பொருளைத் தாம் திருத்திக்கொள்பவர் எவரிடமிருந்தும் எதனையும் எடுத்துவிடவில்லை. நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்கும். அது அதன் உரிமை. நிறுவனத்தின் 60 நிரலைப் படியெடுத்துப் பத்துப் பேருக்கு விற்பது வேறு செயல். அது பிறர் உழைப்பை விற்பதாகும். இன்னொன்றும் உண்டு. புனித தோமா அக்குவினா தம் இறையியல் சுருக்கத்தில், விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று தனியாகவே ஒரு வினா எழுப்புகின்றார். வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ தரும் மறைவான குறையைச் சொல்லாமல் விற்பது அநீதி என்பது அவர் முடிவு. அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, விரைந்தோடும் குதிரையென்று சொல்லி நொண்டிக் குதிரையை விற்பது! மூடியில் 40 என்று இருக்க, உள்ளே 60ஆக ஓடித் தேய்ந்த எஞ்சினை மூன்றாண்டு கழித்து வேறொரு மீனவரிடம் தள்ளிவிடுவதும் அந்தக் குதிரை வணிகமே.

நிறுவனங்கள் பக்கமே முழு நீதியும் இருப்பதாக நாம் எண்ணவில்லை. இன்று ஒரு சென்சார் பழுதானால் பூட்டிய பெட்டியைத் திறக்க வழியில்லாமல், நல்ல கை உடைய கரையோர மெக்கானிக் கையைப் பிசைந்து நிற்கின்றார். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வகுக்கும் விதிவிலக்குகளில், பழுது அறியவும் சீர்செய்யவும், சட்டத்திற்குட்பட்டுத் திருத்தவும் வாகனக் கணினியின் பூட்டைத் திறக்கலாம் என்ற அனுமதி 2015இல் தரை வாகனங்களுக்குக் கிடைத்தது. 2021இல் அது நீரில் செல்லும் கலங்களுக்கும் விரிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை மீற அது இடந்தரவில்லை. இந்த எல்லை நமக்கு நியாயமாகவே படுகின்றது. இளைஞரின் மடிக்கணினியும் கம்பியும் பழுதைக் கண்டறியும் கருவியாகக் கரைக்கு வந்தால், ஊரே அவரைக் கொண்டாடும்.

விடுமுறை முடிவதற்குள் அவர் தொலைபேசியில் பேசினார். முறுக்கு குறைந்த புரொப்பெல்லர் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கின்றார்கள். நிறைந்த படகில் சுற்று 5,200 வருகின்றதாம். “புரோகிராமை இப்போதைக்குத் தொடல சாமி,” என்றார். அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை அம்மாவிடமும் சொன்னாரா என்று கேட்டோம். சிரித்துவிட்டு, அண்ணன் வலை ஏற்றக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.